கருப்பையும் கங்காணியும்

பெரும்பாடு என்று ஒரு சொல் நம் மொழியிலே உண்டு. மேடையேறும் தோழர்களுக்கு நன்கு பழக்கமான சொல். "பெரும்பாடு பட்டு இந்தக் கிளையை அமைத்தோம்" என்பார் ஒருவர். "பெரும்பாடு பட்டுத்தான் இந்தத் தேர்தலில் வென்றோம்" என்பார் மற்றொருவர். கேட்டுக் கை தட்டுகிறோம். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பதை, தட்டுகின்ற கைகளில் எத்தனை கைகள் அறியும்? மாதந்தோறும் பெண்ணின் உடலிலிருந்து அளவு மீறிக் குருதி பெருகும் நோய்க்கு நம் நாட்டு மருத்துவம் இட்ட பெயர் பெரும்பாடு!

ஆண் பட்ட பெரும்பாட்டுக்கு மாலை உண்டு, மேடை உண்டு, மறுநாள் ஏட்டிலே செய்தியும் உண்டு. பெண் படும் பெரும்பாட்டுக்கோ அடுக்களையின் இருட்டு மட்டுமே உண்டு. அவள் சொல்லமாட்டாள்; சொன்னால் வெட்கம். நாம் கேட்கமாட்டோம், கேட்டால் அதைவிட வெட்கம்.

"இது மருத்துவர் பேசவேண்டிய பொருளாயிற்றே, அரசியல் ஏட்டின் ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையிலே இதற்கு என்ன வேலை?" என்று சில தோழர்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்ல, மராட்டிய மாநிலத்துக் கரும்புக் காட்டுக்கு அவர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

பீட் என்பது அம்மாநிலத்தின் வறண்ட மாவட்டங்களில் ஒன்று. மழை பொய்க்கும் மண். நிலமிருந்தும் விளைச்சலில்லாத ஊர்கள். ஆகவே ஆண்டுதோறும் அறுவடைக் காலம் பிறந்ததும், இலட்சக்கணக்கான மக்கள் மூட்டை முடிச்சுகளோடு மேற்கு மராட்டியத்துக்கும் கருநாடகத்துக்கும் கரும்பு வெட்டப் புறப்படுகிறார்கள். ஆறு திங்கள் வரை அங்கேதான் வாழ்வு. அழைத்துச் செல்பவன் கங்காணி. அவர்கள் மொழியிலே 'முக்காதம்'. அவன் தனி ஆளுக்குக் கூலி பேசுவதில்லை. கணவன் மனைவி இருவரையும் சேர்த்து ஒரே அரிவாளாகக் கணக்கிட்டு, அந்த அரிவாளுக்கு முன்பணம் கொடுக்கிறான். இருவரும் வெட்டினால்தான் கடன் அடையும். ஒருவர் படுத்தால் இருவரின் கணக்கும் படுத்துவிடும். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் 500 ரூபாய் வரை தண்டம் பிடிக்கிறார்கள் என்று அப்பெண்கள் கூறியதை ஏடுகள் வெளியிட்டன.

அந்தக் காட்டிலே கழிப்பறை இல்லை. குளிப்பதற்கு மறைவு இல்லை. தண்ணீர் எட்டாத தொலைவில். விடிவதற்கு முன் எழுந்து, வெட்டிய கரும்பைக் கட்டாகக் கட்டி, முப்பது நாற்பது கிலோ சுமையைத் தலையிலே ஏற்றி, வண்டியில் அடுக்கவேண்டும். மாதவிலக்கு நாளிலும் அதே வேலை. கருவுற்ற காலத்திலும் அதே சுமை. துவைக்கத் தண்ணீரும் உலர்த்த இடமும் இல்லாத துணியையே மீண்டும் மீண்டும் பயன்படுத்துகிறாள். தொற்று வருகிறது. வெள்ளைப்படுகிறது, அடிவயிறு வலிக்கிறது, குருதி பெருகுகிறது. ஊர் திரும்பியதும் தனியார் மருத்துவமனைக்குப் போகிறாள். சில நாள் மருந்திலே தீரவேண்டிய நோய்க்கு அங்கே என்ன சொல்லப்படுகிறது? "கருப்பை கெட்டுவிட்டது. விட்டுவைத்தால் புற்றுநோய் வரும். எடுத்துவிடு!"

அவள் எண்ணிப் பார்க்கிறாள். பிள்ளை பெற்றாயிற்று. இனி இந்தப் பையினால் என்ன பயன்? வலி, செலவு, தண்டம்! எடுத்துவிட்டால் மாதம் முப்பது நாளும் வேலைக்குப் போகலாமே! கடன் வாங்கி அறுவைக்கு ஒப்புக்கொள்கிறாள். அந்தக் கடனை அடைக்க மீண்டும் கங்காணியிடமே முன்பணம் வாங்குகிறாள்.

கதையல்ல இது, தோழர்களே! 2019ஆம் ஆண்டில் இச்செய்தி நாடெங்கும் பரவி, மராட்டிய அரசு நீலம் கோர்ஹே அம்மையார் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரிடம் கணக்கெடுத்தார்கள். பத்தாண்டுக் காலத்திலே அவர்களில் 13,861 பேர் கருப்பையை இழந்திருந்தார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர்! இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 3 பேர் அளவில்தான் இந்த அறுவைக்கு உள்ளானவர்கள் என்கிறது தேசியக் குடும்ப நல ஆய்வு. பீட் மாவட்டத்துப் பெண்ணின் கருப்பை மட்டும் அவ்வளவு எளிதிலே கெடுவதற்கு அது வேறு மண்ணால் செய்ததா? இல்லை. கெட்டது கருப்பை அன்று, கங்காணியின் கணக்கேடு!

போனது ஒரு பைதானே என்று எண்ணுவோர் உண்டு. போவது அது மட்டுமன்று. கருப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், இயற்கையாக நாற்பத்தைந்து வயதைக் கடந்து வரவேண்டிய மாதவிடாய் நிறுத்தம் மறுநாளே வந்துவிடுகிறது. சினைப்பைகளை விட்டுவைத்தாலும் சிலருக்கு அது முன்கூட்டியே வருவதுண்டு. உடலெல்லாம் திடீரென்று அனல் வீசும், வியர்க்கும், இரவிலே உறக்கம் வராது. எலும்பு வலுவிழக்கும், இதய நோய்க்கான வாய்ப்பு கூடும். மனம் காரணமின்றிக் கலங்கும். முப்பது வயதுப் பெண் ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணின் உடலோடு வாழவேண்டும். அந்த உடலோடுதான் மறு ஆண்டும் கரும்புக் கட்டைச் சுமக்கவேண்டும். எந்த வேலைக்காகக் கருப்பையைக் கொடுத்தாளோ, அந்த வேலையைச் செய்யும் வலுவையும் அதோடு சேர்த்துக் கொடுத்துவிட்டாள்!

கங்காணி ஒருவன்தான் குற்றவாளியா? அல்லன். ஏழைகளுக்கென்று 2008ஆம் ஆண்டில் நடுவண் அரசு ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்ற திட்டம். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த அட்டை மருந்துச் சீட்டுக்குப் பணம் தரவில்லை. படுக்கையில் சேர்த்தால்தான் தந்தது. விளைவு யாது? பீகாரிலும் சத்தீசுகரிலும் தேவையின்றிக் கருப்பைகள் அகற்றப்பட்டன என்ற புகார் 2012ஆம் ஆண்டளவில் வெடித்தது. அவ்விரு மாநிலங்களையும் இராசசுதானையும் குறித்து 2013இல் ஒரு மருத்துவர் உச்ச நீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்தார். அறுவைக்கு உள்ளானவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்புப் பெண்கள் என்பது அவ்வழக்கிலே எடுத்துக்காட்டப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க நடுவண் அரசு 2022இல் வகுத்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று திங்களுக்குள் செயற்படுத்தவேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு அமையவேண்டும் என்பது அந்நெறிமுறைகளில் ஒன்று.

உங்கள் மாவட்டத்தில் அந்தக் குழு இருக்கிறதா, தோழரே? அதன் கூட்டம் கடைசியாக எப்போது நடந்தது? கேட்டதுண்டா?

"அதெல்லாம் வடக்கே நடப்பது, நம் நாடு அப்படியா?" என்று பெருமூச்சு விட்டு அமைதி கொள்ள நமக்கு உரிமையில்லை. நம் மாநிலத்தின் நூற்பாலைகளையும் ஆயத்த ஆடை ஆலைகளையும் எண்ணிப் பாருங்கள். அங்கே வேலை செய்யும் ஏறத்தாழ நூறு பெண்களிடம் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் விசாரித்து, 2019இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். மாதவிலக்கு வலி என்று சொன்னால் அப்பெண்களுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, ஓய்வும் கிடைக்கவில்லை. ஒரு மாத்திரை கிடைத்தது. பெயர் அச்சிடாத மாத்திரை. என்ன மருந்து, பின்விளைவு என்ன என்று எவரும் சொல்லவில்லை. விழுங்கினால் வலி மறையும், விரல்கள் மீண்டும் தையல் எந்திரத்தில் ஓடும். மனச்சோர்வு, சிறுநீர்த் தொற்று, நார்க்கட்டி, கருச்சிதைவு எனப் பலவகைத் துன்பங்களை அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கூறினார்கள்.

அங்கே அரிவாள், இங்கே ஊசி. அங்கே கங்காணி, இங்கே மேற்பார்வையாளர். அங்கே கருப்பையை எடுக்கிறார்கள், இங்கே அதன் வாயை மூடுகிறார்கள். இரண்டு இடத்திலும் நோயை ஆராய்பவர் மருத்துவர் அல்லர், வருகைப் பதிவேடு!

அந்த வலி எதன் அறிகுறி என்று பார்த்தோமா? கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து, மாதந்தோறும் உயிரைப் பிழியும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் ஒன்று உண்டு. பிள்ளை பெறும் வயதுடைய பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேருக்கு அது இருப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. ஆனால் நோய் இன்னதென்று கண்டறிவதற்கே பல ஆண்டுகள் ஆகின்றன. ஏன்? "பெண்ணென்றால் வலி இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்" என்று முதலில் தாய் சொல்கிறாள், பிறகு மாமியார் சொல்கிறாள், சில வேளைகளில் மருத்துவரும் சொல்லிவிடுகிறார். பெயர் தெரியாத வலியோடு வாழ்பவள் தன் அறிவையே ஐயுறத் தொடங்குகிறாள். வேலையில் கவனம் சிதறுகிறது. தாம்பத்தியம் வேதனையாகிறது. பிள்ளை பிறக்கத் தாமதமானால் 'மலடி' என்ற பட்டமும் வந்து சேர்கிறது.

குருதிச் சோகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-21 குடும்ப நல ஆய்வின்படி நம் மாநிலத்துப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு அது இருந்தது. இந்தியா முழுவதிலும் 57 பேருக்கு. இதற்கு உணவுக் குறைவு ஒரு காரணம். மாதந்தோறும் படும் பெரும்பாடு மற்றொரு காரணம். குருதி குன்றியவளுக்கு மூச்சு வாங்கும்; மறதி வரும்; சிறு சொல்லுக்கும் சினம் வரும். "எப்போது பார்த்தாலும் எரிந்து விழுகிறாள்" என்று நண்பரிடம் குறைபட்டுக்கொள்ளும் தோழர், அவள் உடலிலே குருதி எவ்வளவு என்று ஒரு நாளேனும் சோதிக்க அழைத்துச் சென்றதுண்டா?

நம் மாநிலம் தாய்க்குச் செய்ததைக் குறைத்துச் சொல்பவன் அல்லேன். அதே ஆய்வின்படி நம் நாட்டுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 99.6 மருத்துவமனையிலேதான் பிறந்தன. பெருமை கொள்ளவேண்டிய கணக்கு! ஆனால் பேறு முடிந்து வீடு திரும்பியவள் அடுத்த முப்பதாண்டு என்ன ஆனாள் என்பதற்கு அத்தகைய கணக்கு உண்டா? கருப்பைவாய்ப் புற்றைக் கண்டறியும் சோதனையை 30 முதல் 49 வயதுப் பெண்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது செய்துகொண்டார்கள்? இந்தியாவில் நூற்றுக்கு 2 பேர்கூட இல்லை. நம் மாநிலத்தில் நூற்றுக்கு 10 பேரை எட்டவில்லை. புற்றுநோய் வரும் என்று அச்சமூட்டிக் கருப்பையை எடுக்க ஆயிரம் கத்திகள் காத்திருக்கின்றன. புற்றுநோய் உண்டா இல்லையா என்று பார்க்கும் எளிய சோதனைக்கு மட்டும் ஆளில்லை! தாய்க்குக் கட்டிலிட்ட நாடு, பெண்ணுக்கு ஒரு நாற்காலிகூடப் போடவில்லை.

நாற்காலி என்றதும் நினைவுக்கு வருகிறது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே விற்கும் பெண்கள், மாதவிலக்கு நாளிலும் உட்காரக்கூடாது என்றிருந்த நிலையை மாற்ற, 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றியது. கடைகளில் பணியாளருக்கு இருக்கை கட்டாயம் என்றது அச்சட்டம். அதற்கு முன் கேரளத்திலே 2018இல் அதைச் சாதித்தவர்கள் போராடிய விற்பனைப் பெண்களே. ஒரு நாற்காலிக்குச் சட்டமன்றம் வேண்டியிருந்தது என்றால், பெண்ணின் இடுப்பு வலி அரசியல் அன்றி வேறென்ன?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். கருப்பை அறுவையே கூடாது என்பது நம் வாதம் அன்று. புற்றுநோய்க்கும், மருந்துக்கு அடங்காத குருதிப்போக்குக்கும் அந்த அறுவை உயிர்காக்கும் மருத்துவம். அதை மறுப்பது மூடத்தனம். ஆனால் வெள்ளைப்படுதலுக்கு அது மருத்துவம் அன்று. தொற்றுக்கு மருந்து உண்டு. கணவனும் சேர்ந்து உண்ணவேண்டிய மருந்தும் அதில் உண்டு. பெரும்பாட்டுக்கு, குருதிப்போக்கைக் குறைக்கும் மாத்திரை உண்டு, இரும்புச் சத்து மாத்திரை உண்டு, கருப்பைக்குள் பொருத்தும் மருந்துச் சாதனம் உண்டு. இவற்றையெல்லாம் சொல்லி, அவளுக்கு விளங்கவைத்து, அதன் பிறகு அவள் தேர்ந்தால் அது சம்மதம். அச்சத்திலும் கடனிலும் இட்ட கைநாட்டைச் சம்மதம் என்று எந்த நேர்மையாளன் சொல்வான்?

'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற நூலிலே பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதினார். மற்றவர்கள் வறுமைக்காகவும் நாட்டின் நலத்துக்காகவும் அதை ஆதரித்தபோது, அவர் பெண்ணின் விடுதலைக்காக ஆதரித்தார். அவள் உடலுக்கு அவளே உடையவள் என்பதே அவ்வாதத்தின் அடித்தளம். அந்த மரபிலே வந்தோம் என்கிறோம். ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டுக் கணக்கைப் பாருங்கள். அதே 2019-21 ஆய்வின்படி இந்தியாவிலே மணமான பெண்களில் நூற்றுக்கு 37.9 பேர் அறுவை செய்துகொண்டிருந்தனர். ஆண்கள் அறுவை செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 மட்டுமே. நம் மாநிலத்தில் பெண்கள் 57க்கும் மேல். ஆண்கள் அரைப் பங்குகூட இல்லை. ஆணுக்குச் செய்வது சிறிய அறுவை, எளிய அறுவை. இருந்தும் கத்தி அவள் பக்கமே திரும்புகிறது! கரும்புக் காட்டுக் கங்காணியைக் கடிந்துகொள்ளும் நாம், நம் வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருக்கும் கங்காணியைக் கண்ணாடியிலே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஆகவே தோழர்கள் செய்யவேண்டியது என்ன?

கிளைதோறும் படிப்பகத்தில் ஓர் மாலை, அரசு மருத்துவமனையின் பெண் மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேசச் செய்யுங்கள். மகளிர் அணிக் கூட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆடவர் முன்வரிசையில் அமருங்கள். உங்கள் தெருவிலே எவளேனும் ஒரு சகோதரிக்குக் கருப்பையை எடுக்கவேண்டும் என்று சொல்லப்பட்டால், கையெழுத்துக்கு முன் அரசு மருத்துவமனையில் இரண்டாவது கருத்தைக் கேட்டறிய உடன் செல்லுங்கள். அவசர அறுவையாக இல்லாதவரை அந்த ஒரு வாரத்தால் எதுவும் கெட்டுவிடாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள்: கண்காணிப்புக் குழு எங்கே, எத்தனை கருப்பைகள், எந்த வயது, எந்தக் காரணம்? ஆலை வாயிலிலே தொழிற்சங்கத் தோழர்கள் கூலியோடு சேர்த்து, கழிப்பறைக்குச் செல்லும் நேரத்தையும், தகுதி பெற்ற செவிலியரையும், பெயர் அச்சிட்ட மருந்தையும் கோரிக்கைப் பட்டியலில் எழுதட்டும். கடைக்குப் போனால் துணியைப் பார்க்குமுன் நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள்.

பீகாரிலே அரசுப் பணிப் பெண்களுக்கு 1992 முதல் மாதம் இரண்டு நாள் விடுப்பு உண்டு. ஆனால் அலுவலகத்துப் பெண்ணுக்குக் கிடைத்தது, அன்றாடக் கூலிப் பெண்ணுக்கு எட்டவில்லை. கூலி குறையாத ஓய்வு அவளுக்கும் கிட்டும் நாள் வரையில், கங்காணி தண்டம் விதிப்பான். அவள் தன் உடலையே அறுத்துக் கொடுப்பாள். அவன் போட்ட முதல் பணம் அன்று. அவளுடைய வெட்கமும் நம்முடைய மௌனமுமே. அந்த முதலைத் திரும்பப் பெறுவது நம் கையில் இருக்கிறது.

இன்றிரவு வீடு திரும்பியதும், பொதுக்கூட்டத்தில் நீங்கள் பட்ட பெரும்பாட்டைச் சொல்வதற்கு முன், அவள் படும் பெரும்பாடு என்னவென்று கேளுங்கள். முதல் நாள் சொல்லமாட்டாள். மறுநாளும் கேளுங்கள்.